கலவை வாயு தயாரிப்பது எப்படி: எடை போடுவதில்தான் இருக்கிறது விஷயம்

வெல்டிங்குக்கு ஆர்கானுடன் கார்பன் டை ஆக்சைடு கலக்க வேண்டுமானால் பிரஷர் கேஜைப் பார்த்து, முதலில் இது இத்தனை பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு), அப்புறம் அது இத்தனை பார் என்று நிரப்பினாலே காரியம் முடிந்துவிடும். ஆய்வகக் கருவியைச் சரிபார்க்க 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கார்பன் மோனாக்சைடு உள்ள கலவை கேட்டால் அந்த வழி எடுபடாது. வாயு உள்ளே போகும்போது சிலிண்டர் சூடாகிவிடும், 45 டிகிரியில் 150 பார் காட்டிய முள் 20 டிகிரிக்கு ஆறியதும் 138க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், போதாததற்கு ஒவ்வொரு வாயுவும் அழுத்தத்தில் அமுங்குகிற விதமும் வேறு. அதனால் துல்லியம் வேண்டுமென்றால் தராசுதான். கலவை வாயு தயாரிப்புக்கான சர்வதேசத் தரநெறி ஐஎஸ்ஓ 6142 சொல்வதும் இந்த எடை முறையைத்தான்.

முதல் வேலை சிலிண்டரைத் தேர்ந்தெடுப்பது, இதில் பலர் அவசரப்படுகிறார்கள். நைட்ரஜனில் கொஞ்சம் ஆக்சிஜன், ஹீலியத்தில் கொஞ்சம் ஆர்கான் மாதிரியான சாதுவான கலவைக்கு இரும்பு சிலிண்டரே போதும். கார்பன் மோனாக்சைடு இரும்போடு சேர்ந்து கார்போனைல் என்ற வேறொரு சேர்மத்தை உண்டாக்கும், அதற்கு அலுமினியம்தான் நல்லது. ஹைட்ரஜன் சல்பைடு, சல்ஃபர் டை ஆக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு இவையெல்லாம் பிபிஎம் அளவில் இருக்கும்போது சுவரில் ஒட்டிக்கொள்ளும் அல்லது அங்கேயே வினைபுரிந்துவிடும். அதனால் உட்சுவரைப் பதப்படுத்திய அலுமினிய சிலிண்டர் இல்லாமல் இறங்கவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். சிலிண்டரைச் சூடாக்கி, வேக்யூம் பம்பில் போட்டு, நைட்ரஜனால் அலசி, மறுபடி வேக்யூம் இழுத்து, இப்படி இரண்டு மூன்று சுற்று செய்தால்தான் எனக்கு நிம்மதி.

அப்புறம் கணக்கு. 10 லிட்டர் சிலிண்டரில் 20 டிகிரியில் 150 பார் என்றால் ஏறத்தாழ 62 மோல் (மூலக்கூறுகளின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) வாயு. அதில் 500 பிபிஎம் கார்பன் மோனாக்சைடு 0.031 மோல், அதாவது 0.86 கிராம். 10 மில்லிகிராம் வரை காட்டும் நல்ல தராசாக இருந்தாலும் இதில் ஒரு சதவீதத்துக்கு மேல் பிழை வந்துவிடும். அதனால் நேராக 500 பிபிஎம்முக்குப் போகாமல் முதலில் 2 சதவீதக் கலவை ஒன்றைச் செய்துகொள்ளுங்கள், அதற்குச் சுமார் 35 கிராம் கார்பன் மோனாக்சைடு போகும், தாராளமாக எடை போடலாம். அந்தக் கலவையிலிருந்து 43 கிராம் எடுத்து இன்னொரு சிலிண்டரில் விட்டு மீதிக்கு நைட்ரஜனை நிரப்பினால் 500 பிபிஎம் வந்துவிடும். 43 கிராமில் 10 மில்லிகிராம் பெரிய விஷயமில்லை. 5 பிபிஎம் வேண்டுமானால் இன்னும் ஒரு படி நீர்த்தல்.

இப்போது தராசுக்கு வருவோம். சிலிண்டர் காற்றில் இருக்கிறது, தன் பருமனுக்கு ஏற்ற காற்றின் எடையை அது இழக்கிறது. 12 லிட்டர் வெளிப்பருமன் என்றால் அது 14 கிராம். அறையில் வெப்பமும் ஈரப்பதமும் மாறிக் காற்றின் அடர்த்தி ஒரு சதவீதம் நகர்ந்தாலே 0.14 கிராம் பிசகும். அதனால்தான் அதே மாதிரியான, எதுவும் நிரப்பாத ஒரு சிலிண்டரை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வித்தியாசத்தை எடுக்கிறோம். இரண்டுக்கும் ஒரே காற்று என்பதால் அந்தப் பிசகு கழிந்துவிடும். நிரப்பிய சிலிண்டர் அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருங்கள், வெறும் கையால் தொடாதீர்கள், இரண்டு எடைக்கும் நடுவில் லேபிள் ஒட்டாதீர்கள். எனக்கு ஒரு தடவை 0.2 கிராம் கணக்கில் இடித்தது, அரை நாள் தேடிய பிறகு வால்வு மரையில் ஒரு டெஃப்லான் டேப் துண்டு சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றிலிருந்து எடை போடும் முன் மரையை டார்ச் அடித்துப் பார்க்காமல் விடுவதில்லை.

நிரப்பும் வரிசை: பொதுவாகக் குறைந்த அளவுள்ள வாயு முதலில், அடுத்தது அதைவிட அதிகம், கடைசியில் மீதியை நிரப்பும் வாயு. எரியும் வாயுவும் ஆக்சிஜனும் சேரும் இடத்தில் வரிசை உயிர் சம்பந்தப்பட்டது. கேஸ் டிடெக்டர் சோதிக்க 2.5 சதவீத மீத்தேன் காற்றில் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம், இது தீப்பிடிக்கும் கீழ் எல்லையில் ஏறக்குறையப் பாதி, பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும். ஆனால் மீத்தேனை விட்டுவிட்டு அதன் மேல் நேரே காற்றை ஏற்றினால் கலவை 15 சதவீதத்துக்கும் 5 சதவீதத்துக்கும் இடைப்பட்ட வெடிக்கும் பகுதி வழியாகத்தான் கீழே இறங்கும், அதுவும் அழுத்தத்தில். மீத்தேனை முதலில் நைட்ரஜனில் கரைத்து, நன்றாகக் கலந்துவிட்டு, ஆக்சிஜனைக் கடைசியில் மெதுவாகச் சேர்த்தால் அந்தப் பகுதியைத் தொடவே வேண்டியதில்லை. ஆக்சிஜன் லைனில் எண்ணெய், கிரீஸ் ஒரு துளி இருக்கக்கூடாது. முறையான பயிற்சியும் அதற்கென்று அமைந்த கூடமும் இல்லாமல் இதை யாரும் தொட வேண்டாம், உண்மையிலேயே சொல்கிறேன்.

எளிதில் திரவமாகும் வாயு இருந்தால் மொத்த அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பியூட்டேனின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் 2 பார் சொச்சம். 100 பார் சிலிண்டரில் 5 சதவீதம் என்றால் அதன் பங்கு 5 பார், அது அடியில் திரவமாகத் தேங்கிவிடும், மேலே எடுப்பவருக்குப் பியூட்டேன் குறைவாகவே கிடைக்கும். சிலிண்டர் 0 டிகிரி குளிரைப் பார்க்கும் என்றால் இதே 5 சதவீதத்துக்கு மொத்த அழுத்தம் 20 பாரே அதிகம்.

நிரப்பி முடித்தவுடன் கலந்துவிட்டதாக நினைக்காதீர்கள். வாயுக்கள் அடுக்கடுக்காக நிற்கும், தானாகக் கலக்க நாள் கணக்கில் ஆகும். படுக்கவைத்து ரோலரில் சில மணி நேரம் உருட்டுங்கள். ஒருமுறை கலந்துவிட்டால் வாயு நிலையில் இருக்கும்வரை கனமானது கீழே இறங்கிப் பிரியாது, அந்தப் பயம் வேண்டாம். அடுத்து கேஸ் குரோமட்டோகிராஃபில் (கலவையின் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேறொரு நம்பகமான தரவாயுவோடு, அதாவது அளவு ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்த கலவையோடு, ஒப்பிட்டுப் பாருங்கள். எடைக் கணக்கும் பகுப்பாய்வும் ஒத்துப்போகாவிட்டால் சான்றிதழ் எழுதாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். ஒட்டும் வாயுவாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி அளந்து, அளவு இறங்கவில்லை என்று தெரிந்த பிறகு வெளியே அனுப்புவதே முறை.

வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்கும் ஒன்று. ரெகுலேட்டரை மாட்டியதும் அழுத்தம் ஏற்றி இறக்கி ஐந்தாறு தடவை அலசிய பிறகே அளவெடுங்கள், உள்ளே இருந்த காற்று போக வேண்டும். சிலிண்டரைக் கடைசி மூச்சுவரை காலி செய்யாதீர்கள். அழுத்தம் குறையக் குறைய சுவரில் ஒட்டியிருந்தது வெளியே வர ஆரம்பிக்கும், பிபிஎம் கலவையில் எண் அங்கேதான் நகரும், சான்றிதழில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் வந்ததும் கழற்றி வைத்துவிடுங்கள்.