மலையில ஓடுறவங்க பண்ற தப்புங்க: முட்டிய பதம் பாக்குறது ஏத்தம் இல்ல, இறக்கம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் போலீஸ் செலக்ஷனுக்கும் ஆர்மிக்கும் ரெடியாகுற பசங்கள விடியக்காலைல ரோட்டுல பாக்கலாம், மப்ளர சுத்திக்கிட்டு ஏத்தத்துல முக்கி முக்கி ஓடுவாங்க, அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. திரும்பி வரும்போதுதான் கூத்து. மூச்சு வாங்காது, கால் தானா போகும், சரின்னு அடிச்சுப் புடிச்சு இறங்குவாங்க, டைமும் சூப்பரா வரும். கொஞ்ச நாள் கழிச்சு பாத்தா "முட்டி வலிக்குதுண்ணா, படி இறங்க முடியல"ன்னு நிப்பாங்க. வீட்ல உடனே மலை ஏறி ஏறி முட்டி தேஞ்சு போச்சும்பாங்க. ஏறுனதால இல்லங்க, இறங்குனதால.

ஏறும்போது தொடை தசை சுருங்கி உடம்ப மேல தள்ளுது. இறங்கும்போது அதே தசை இழுபட்டுக்கிட்டே பிரேக் புடிக்கணும், இந்த வேலைலதான் தசை நார் அதிகமா அடி வாங்கும், அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, அடுத்த ஒண்ணு ரெண்டு நாள்ல உக்காந்து எழுந்திரிக்க முடியாது. 9 டிகிரி சரிவுல இறங்கி ஓடுனா கால் தரைல மோதுற விசை சமதரைய விட பாதிக்கு மேல கூடுதுன்னு 2005ல அளந்தே சொல்லிருக்காங்க. இவ்வளவு அடி வாங்கியும் மூச்சு மட்டும் நார்மலா இருக்கறதால இன்னைக்கு ஈசி ரன்னுன்னு நெனச்சு நாளைக்கும் அதே ரோட்டுக்கு போயிடுறோம்.

அதுக்குன்னு இறக்கத்தையே விட்டுட வேணாம். ஒரு தடவ அளவா இறங்கி ஓடிட்டா அடுத்த சில வாரத்துக்கு தசை அதே இறக்கத்த தாங்கிக்கும், உடம்போட குணம் அப்படி. அதனால வாரத்துல ஒரு நாள், அஞ்சு பத்து நிமிஷம், லேசான சரிவா பாத்து இறங்குங்க, மத்த நாள் ஏறி ஓடிட்டு பஸ்ல வந்துடுங்க, யாரும் சிரிக்க மாட்டாங்க. இறங்கும்போது கால நீளமா எட்டி வச்சு குதிக்காதீங்க, உடம்ப பின்னால சாச்சு குதிகால ஊனி நிறுத்தாதீங்க, சின்ன சின்ன ஸ்டெப்பா வேகவேகமா வைங்க. பர்லியார் மலை ரோட்டுல லாரிக்காரர் சின்ன கியர்லயே இறங்குவாரு பாருங்க, பிரேக்க மட்டும் நம்பி வர்றவன் வண்டிலதான் கருகல் வாசனை வரும், அதே கணக்கு.

அடுத்த தப்பு, "மலையே ஜிம்மு, தனியா எக்சர்சைஸ் எதுக்கு"ன்றது. ஓட்டம் மட்டும் போதாது. வீட்டு வாசப்படி ஒண்ணு போதும்: ஒத்தக் கால்ல நின்னு இன்னொரு கால மெதுவா, மனசுக்குள்ள மூணு எண்ணி, கீழ் படில தொடுங்க, மேல இருக்குற கால்ல முட்டி உள்பக்கமா மடங்காம பாத்துக்கங்க, கண்ணாடி இல்லன்னா போன்ல வீடியோ எடுத்து பாருங்க. அதே படி நுனில நின்னு குதிகால ஏத்தி இறக்குங்க, முட்டிய நீட்டி ஒரு செட், லேசா மடக்கி ஒரு செட், கெண்டைக்கால்ல ரெண்டு தசையும் வேல செய்யும். பின்தொடைக்கு நார்டிக்னு ஒண்ணு இருக்கு, மண்டி போட்டு நிக்கணும், ஃபிரண்டு கணுக்கால அமுக்கி புடிப்பான், உடம்ப நேரா வச்சு மெதுவா முன்னால சாயணும். முதல் நாள் நாலஞ்சு தடவையோட நிறுத்திக்கங்க, இல்லன்னா மறுநாள் நடை கோணலாயிடும். ஃபுட்பால் டீம்ல இத ஒழுங்கா செஞ்சவங்களுக்கு பின்தொடை இழுத்துக்கறது கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருக்கு.

வார்ம் அப் பத்தி நிறைய சொல்ல ஒண்ணுமில்ல. டிசம்பர் ஜனவரில புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கும்போது கிரவுண்டுக்கு போனதும் உக்காந்து குனிஞ்சு கால் விரல புடிச்சு ஒரு நிமிஷம் இழுக்குறது சரியில்ல, ரொம்ப நேரம் புடிச்சு இழுத்தா ஸ்பிரிண்ட் வேகம் கொஞ்சம் கொறையவும் செய்யும். மெதுவா ஜாக், கால் வீசுறது, லஞ்ச் (ஒரு கால முன்னால வச்சு முட்டிய மடக்கி இறங்குறது), கடைசில ரெண்டு மூணு வேக ஓட்டம், குளிர் நாள்ல கால் மணி நேரம் எடுத்துக்கங்க, ஸ்வெட்டர அப்புறம் கழட்டிக்கலாம். டீயும் வர்க்கியும் சாப்ட்டு உடனே ஓடுறத பத்தி நான் ஒண்ணும் சொல்லல, வயிறே சொல்லும்.

வலிய சமாளிக்கிறதுலதான் பெரிய தப்பு நடக்குது. முழங்காலுக்கு கீழ எலும்போட உள்ஓரம் நீளமா வலிச்சா அனேகமா ஷின் ஸ்பிளிண்ட், அதாவது ஓட்டம் அதிகமாகி எலும்பு ஓரத்துல வர்ற வலி, ஓடுறத கொறச்சா அடங்கும். ஆனா ஒரே ஒரு எடத்துல, ஒரு ரூபா காசு அளவுக்கு, அமுக்குனா சுருக்குன்னு வலிக்குது, ராத்திரி படுத்தாலும் வலிக்குதுன்னா எலும்புல கீறல் விட்டிருக்கலாம், ஓட்டத்த அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர பாருங்க, முதல் ரெண்டு மூணு வாரம் எக்ஸ்ரேல தெரியாமலே போகும், அத வச்சு "ஒண்ணுமில்லயாம்"னு மறுபடி ஓடிடாதீங்க. கணுக்கால் பெரண்டா உடனே தைலம் போட்டு அழுத்தி நீவுறது நம்ம ஊரு பழக்கம், முதல் ரெண்டு நாள் அது வேணவே வேணாம், வீக்கம்தான் ஏறும். நாலு அடி எடுத்து வைக்க முடியலன்னாலும், கணுக்கால்ல புடைச்சு நிக்கிற எலும்ப அமுக்குனா வலிச்சாலும் எக்ஸ்ரே எடுத்துடுங்க. வலி மாத்திரைய போட்டுட்டு ஓடுறது அதவிட மோசம், தண்ணி கொறஞ்ச உடம்புல சில மாத்திரை கிட்னிய பாதிக்கும். குளிர்ல தாகமே எடுக்காது, அதனால மலைல தண்ணி கொறயுறது தெரியவும் தெரியாது.

உயரத்த கணக்குல எடுக்காம ஓடுறது கடைசி தப்பு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர், 1968 ஒலிம்பிக் நடந்த மெக்சிகோ சிட்டியும் ஏறக்குறைய அதே உயரம்தான். அங்க 10,000 மீட்டர ஜெயிச்சவரு கென்யாவோட நஃப்தாலி டெமு, மாரத்தான் எத்தியோப்பியாவோட மாமோ வோல்டே, ரெண்டு பேரும் உயரத்துக்கு பழகுனவங்க, அப்ப 10,000 மீட்டர் உலக சாதனைய கைல வச்சிருந்த ஆஸ்திரேலியாக்காரர் ரான் கிளார்க் ஆறாவதா வந்து மயங்கி விழுந்தாரு, உயரத்துல காத்து மெலிசா இருக்கறதுதான் காரணம். அதனால கோயம்புத்தூர் பசங்க டைமிங்க பாத்துட்டு இங்க அதே ஸ்பீடுல ஓடணும்னு தினமும் உடம்ப புழியாதீங்க, மேல கொஞ்சம் ஸ்லோவாதான் வரும். வேகம் பழக வாரத்துல ஒரு நாள் கீழ போக முடிஞ்சா நல்லது.

ஆனா செலக்ஷன் பெரும்பாலும் கீழதான், போலீசுக்கு ஆம்பளைங்க 1,500 மீட்டர 7 நிமிஷத்துல முடிக்கணும், காத்து தாராளமா கெடச்சாலும் வெயில் ஆள சாச்சிடும். உடம்பு சூட்டுக்கு பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். மொத நாள் ராத்திரி கடைசி பஸ்ல இறங்கி காலைல கிரவுண்டுல நிக்கிறவங்கதான் பாதில வாந்தி எடுக்குறாங்க. மேட்டுப்பாளையத்துல சித்தி வீடு, மாமா வீடுன்னு யாராவது இருப்பாங்க, பத்து நாள் முன்னாடியே போயிடுங்க, முதல் ரெண்டு மூணு நாள் மெதுவா, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நேரத்த கூட்டுங்க, தண்ணியோட உப்பும் சேத்துக்கங்க. நடுவுல பண்டிகைக்குன்னு மலை ஏறி பல நாள் தங்கிட்டீங்கன்னா பழகுனது கொறய ஆரம்பிச்சிடும், டெஸ்ட் முடியற வரைக்கும் அங்கயே இருந்துடுங்க.