இறால் ஆலையில் குளோரின் தண்ணீர்: கலப்பது சுலபம், அளப்பதுதான் வம்பு

தூத்துக்குடிப் பக்கம் இறால் ஆலையில் புதிதாகக் குவாலிட்டி பிரிவில் சேருபவர்களுக்கு முதலில் வரும் வேலை, கிருமி கொல்லும் குளோரின் தண்ணீரைக் கலந்து அளப்பதுதான். வழக்கமான அளவுகள்: கை முக்கும் தொட்டி 20 பிபிஎம் (லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின்), கத்தி, டிரே, மேஜை 100, தரையும் கால் நனைக்கும் தொட்டியும் 200. உங்கள் ஆலையின் ஹசாப் (HACCP, உணவுப் பாதுகாப்புத் திட்டம்) கோப்பில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இந்தத் தண்ணீரில் இறாலைக் கழுவக் கூடாது. அதற்குக் குடிநீர்த் தரத் தண்ணீரும், அதில் உறைய வைத்த ஐஸும் மட்டுமே.

ஹைப்போ என்பது குளோரின் தரும் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட். கணக்கு: லிட்டர் × பிபிஎம் ÷ (ஹைப்போவின் சதவீதம் × 10) = ஊற்ற வேண்டிய மி.லி. 10 சதவீத ஹைப்போ என்றால் 100 லிட்டர் கைத்தொட்டிக்கு 20 மி.லி., அதே அளவு கால் நனைக்கும் தொட்டிக்கு 200 மி.லி.

கேன் லேபிளில் போட்டிருக்கும் சதவீதத்தை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் கிடந்த ஹைப்போ சீக்கிரம் வீரியம் இழக்கும். புதுக் கேன் திறக்கும்போது 1 மி.லி. எடுத்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு 1 லிட்டராக்குங்கள். அதிலிருந்து 10 மி.லி. எடுத்து 500 மி.லி. ஆக்குங்கள். 10 சதவீதம் உண்மையானால் டிபிடி கிட் (மாத்திரை போட்டால் குளோரினுக்கேற்பத் தண்ணீர் சிவக்கும் சோதனைப் பெட்டி) 2 பிபிஎம் காட்டும். 1.6 காட்டினால் உங்கள் கையில் இருப்பது 8 சதவீதம், 20 மி.லி. போதாது, 25 ஊற்ற வேண்டும்.

இனி பலரும் வழுக்கி விழும் இடம். கால் நனைக்கும் தொட்டித் தண்ணீரை அப்படியே டிபிடி குப்பியில் எடுத்து மாத்திரை போட்டால், ஒரு கணம் சிவந்து உடனே வெளுத்துவிடும். சில நேரம் நிறமே வராது. குளோரின் இல்லை என்று நினைத்து இன்னும் ஹைப்போ ஊற்றுவார்கள். உண்மையில் அளவுக்கு மீறிய குளோரின் அந்தச் சிவப்பையே வெளுத்துவிட்டது! இப்படி ஊற்றிக்கொண்டே போனால் ஸ்டீல் மேஜையில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும், இறால் உரிக்கும் பெண்களுக்குக் கை எரியும். எரியும் தொட்டியில் யாரும் கை வைக்க மாட்டார்கள். வைத்ததுபோல் பாவனைதான் நடக்கும்.

ஆகவே டிஸ்டில்டு வாட்டர் கலந்து நீர்க்கச் செய்து அளந்து பாருங்கள். 200 பிபிஎம் என்றால் 10 மி.லி.யை 1 லிட்டராக்குங்கள், வாசிப்பை 100-ஆல் பெருக்குங்கள். கைத்தொட்டிக்கு 10 மி.லி.யை 100 மி.லி. ஆக்கி 10-ஆல் பெருக்கினால் போதும். நீர்க்கக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கும். ஷிஃப்ட் நடுவில் சட்டெனப் பார்க்க 200 பிபிஎம் வரை காட்டும் சோதனைக் காகித ஸ்ட்ரிப் நல்லது. பதிவேட்டில் எழுத டிபிடிதான். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஓடி (ஆர்த்தோடாலிடின்) கிட்டைத் தூக்கிப் போடுங்கள். அந்த ரசாயனமே ஆபத்தானது.

அளவு சரியாக இருந்தும் ஸ்வாப் சோதனையில் (கை, மேஜையைப் பஞ்சால் துடைத்தெடுத்துப் பார்ப்பது) கிருமி வருகிறதா? இரண்டு காரணம் பாருங்கள். ஒன்று, அழுக்கு. இறால் சாறும் ஓட்டுத் துகளும் குளோரினைத் தின்றுவிடும். கையைச் சோப்புப் போட்டு அலசிய பிறகே முக்க வேண்டும். மேஜையை டிடர்ஜென்ட்டால் தேய்த்து அலசிய பிறகே 100 பிபிஎம் ஊற்றி 10 நிமிடம் விட வேண்டும். தொட்டித் தண்ணீர் கலங்கினால் மேலே ஹைப்போ சேர்த்து ஒப்பேற்றாமல் கொட்டிவிட்டு மாற்றுங்கள். இரண்டு, பிஎச், அதாவது தண்ணீரின் அமில-காரத் தன்மை. 7.5-ல் குளோரினில் பாதிதான் கிருமியைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும், 8.5-ல் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். போர் தண்ணீர் பிஎச் ஏறியிருந்தால் கிட் 20 காட்டும், வேலை நடக்காது. இதைச் சரிக்கட்ட ஹைப்போவில் ஆசிட் ஊற்றிவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். தண்ணீரின் பிஎச்சைச் சுத்திகரிப்புக் கட்டத்திலேயே சரிசெய்ய வேண்டும்.

பிளீச்சிங் பவுடர் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. தரைக்குப் போதும். கைத்தொட்டியில் சுண்ணாம்பு அடியில் தங்கும்; தெளியவைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எனவே அங்கே ஹைப்போதான்.

வடிகாலைப் பிரஷர் ஹோஸால் அடிக்காதீர்கள். அங்கே தங்கும் லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி திவலையாகத் தெறித்து, இப்போதுதான் கழுவிய மேஜையில் உட்காரும். வடிகாலுக்கென்று தனி நிறத்தில் ஒரு பிரஷ் வைத்துக்கொண்டு, மேஜைகளைத் தொடும் முன்பே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.