தாத்தா ஊரை மாவட்டக் கணக்கில் தேடுவது எப்படி

வீட்டில் பழைய வான்கடிதம் ஏதாவது இருந்தால் அனுப்பியவர் முகவரியை முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஊர், அஞ்சல், வழி, தாலுகா, ஜில்லா என்று வரிசையாக இருக்கும். இதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது தாலுகா. இங்கே மலேசியாவில், பினாங்கில், நம் ஆட்கள் பலர் 'திருச்சி ஜில்லா' என்று மட்டும் வைத்துத் தேடிவிட்டு, ஊரையே காணோம் என்று என்னிடம் வருவார்கள். ஊர் இருந்த இடத்தில்தான் இருக்கிறது, ஜில்லாதான் மாறிவிட்டது. 1995ல் திருச்சியிலிருந்து பெரம்பலூரும் கரூரும் பிரிந்தன. பெரம்பலூரிலிருந்து 2001ல் அரியலூர் பிரிந்தது, அடுத்த வருடமே திரும்பச் சேர்ந்தது, 2007ல் மறுபடியும் பிரிந்தது. கடிதத்தில் உடையார்பாளையம் தாலுகா என்றிருந்தால் அரியலூரில் தேடுங்கள். பெரம்பலூர் தாலுகா என்றிருந்தால், என் தாத்தா ஊரைப் போல, பெரம்பலூரில்.

மாவட்டம் தெரிந்ததும் இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தளத்தில் அந்த மாவட்டத்தின் 2011 கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். காசு கிடையாது. 2021ல் எடுக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால், ஊர்வாரியாகக் கையில் இருப்பது இன்னும் அதுதான். 'ஏ' பகுதியில் ஊருக்குப் பள்ளி, தண்ணீர், பஸ் உண்டா என்றிருக்கும். 'பி' பகுதியில் வீடுகள், ஆட்கள், ஆறு வயது வரையிலான பிள்ளைகள், தொழில். ஒவ்வொரு கிராமத்துக்கும் ஆறு இலக்க எண் உண்டு, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர் பக்கத்துக்குப் பக்கம் வேறு மாதிரி இருக்கலாம், எண் அப்படி மாறாது.

2011 கணக்கில் பெரம்பலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 5,65,223. அன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே ஆள் குறைவான மாவட்டம். நூற்றுக்கு எண்பதுக்கு மேல் கிராமத்தில் இருப்பவர்கள். பெண்கள் ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள் என்பதை மனதில் வைத்துப் பாருங்கள். தொழில் பத்திகளில் சொந்தமாக அல்லது குத்தகைக்குப் பயிர் செய்பவர் வேறு, விவசாயக் கூலி வேறு. வருடத்தில் ஆறு மாதத்துக்குக் குறைவாக வேலை கிடைத்தவர்களும் தனியாக இருப்பார்கள். ஊரின் நிலைமையை அறிய நான் முதலில் பார்ப்பது இந்தப் பத்திகளைத்தான்.

இவ்வளவு தேடியும் ஊர் கிடைக்கவில்லையா? இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அது பேரூராட்சியாக இருக்கும். பூலாம்பாடி, அரும்பாவூர், குரும்பலூர், லெப்பைக்குடிகாடு நான்கையும் கிராமப் பட்டியலில் தேடிப் பயனில்லை, நகரப் பட்டியலுக்குப் போங்கள். இன்னொன்று, நம் வீட்டில் 'ஊர்' என்று சொன்னது ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் அடங்கிய குக்கிராமமாக இருக்கும். அப்படியானால் வரைபடத்தில் பக்கத்துப் பெரிய ஊரைப் பார்த்து அதன் பெயரில் தேட வேண்டும். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவுத் தளத்தில் மாவட்டம், தாலுகா தேர்ந்தெடுத்தால் வருவாய்க் கிராமங்களின் பட்டியல் விழும். எழுத்துக் குழப்பம் அங்கே பாதி தீர்ந்துவிடும்.

அப்புறம், யாரிடம் கேட்பது? நான் இங்கே நில அலுவலகத்தில் கிராணியாக (குமாஸ்தாவாக) இருந்தவன், எனக்கே இது முதலில் புதிராக இருந்தது. தமிழ்நாட்டில் ஒரே ஊருக்கு இரண்டு நிர்வாகம். நிலம், பட்டா, சிட்டா எல்லாம் வருவாய்த்துறை: கிராம நிர்வாக அலுவலர், அவருக்கு மேல், சில கிராமங்கள் சேர்ந்த பிர்காவுக்கு ஒரு வருவாய் ஆய்வாளர், அதற்கு மேல் தாசில்தார். பிர்காவை, இங்கே மாவட்டத்தின் உட்பிரிவான நம் முக்கிம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். கர்ணம், மணியக்காரர் என்று பெரியவர்கள் சொல்வதெல்லாம் 1980ல் ஒழிந்த பதவிகள். குடிதண்ணீர், தெருவிளக்கு, வீட்டுவரி என்றால் ஊராட்சி, அதற்கு மேல் ஒன்றியம். ஊராட்சித் தலைவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர். நமக்கோ இங்கே உள்ளூராட்சித் தேர்தல் 1965ல் நின்றதோடு சரி. தாலுகா பெயரும் ஒன்றியத்தின் பெயரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். குன்னம் தாலுகா இருக்கிறது, குன்னம் ஒன்றியம் கிடையாது. அந்தப் பக்கத்து ஒன்றியம் வேப்பூர்.

பழைய வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் ஊராட்சிச் செயலருக்கு எழுதுங்கள். தேர்தல் நடக்காத காலத்தில் தலைவர் நாற்காலி காலியாக இருக்கும், செயலர் இருப்பார். நிலத்தைப் பற்றியென்றால் கிராம நிர்வாக அலுவலருக்கு. கடிதத்தில் தாத்தா பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்து எழுதுங்கள், ஒரே பெயரில் ஊரில் பல பேர் இருப்பார்கள்.