ரோடுமேப்பில் ‘பண்ணிடலாம் சார்’ எத்தனை?

காட்பாடி, வேலூர் பக்கம் உள்ள சின்ன மென்பொருள் கம்பெனிகளில் ரோடுமேப் (எந்த வேலையை எப்போது செய்யப் போகிறோம் என்ற திட்டம்) எங்கே என்று கேட்டால் பெரும்பாலும் ஒரு எக்செல் ஷீட்டைத் திறப்பார்கள். இடது ஓரம் ஃபீச்சர் பெயர்கள், மேலே மாதங்கள், நடுவில் கலர் கட்டங்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். அந்த ஃபீச்சர் யாருக்கு, எதற்கு என்று கேட்டால் மட்டும் ஷீட்டில் பதில் இருக்காது. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு நாம் ஸ்டாக் மென்பொருள் செய்து தருவதாக வைத்துக்கொள்வோம். ரோடுமேப்பில் ‘ஜூன்: மொபைல் ஆப்’ என்று இருக்கிறது. ஆனால் அங்கே தலைவலி வேறு. வெட்டிய தோல், ஷூவின் மேல்பாகம் தைக்க வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகிறது. 500 ஜோடி போனது, 480 திரும்பியது. மீதி 20 தையலில் வீணானதா, இன்னும் வரவேண்டியதா என்று சூப்பர்வைசர் நோட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிறார். ‘வெளியே போனதில் பாக்கி எவ்வளவு என்று அன்று சாயங்காலமே தெரிய வேண்டும்’ என்பதுதான் ரோடுமேப்பில் வரவேண்டிய வரி. இப்படி எழுதிவிட்டால், இதற்கு ஆப் வேண்டுமா, சலானில் ஒரு கியூஆர் கோடு அச்சடித்தால் போதுமா என்று டெவலப்பரே யோசிப்பார். ஆப் வெளியான பிறகும் அந்த நோட்டு ஓடிக்கொண்டிருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது தேதி. சில தேதிகள் நம் கையில் இல்லை. ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் முறை) 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு வந்தது. அந்த வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. அப்படிப்பட்ட வேலைக்குத் தேதி போட்டே ஆக வேண்டும், முன்கூட்டியே முடிக்கவும் வேண்டும். மற்றதற்கெல்லாம் ‘இப்போது, அடுத்து, பிறகு’ என்று மூன்று தலைப்பு போதும். ரோடுமேப் மென்பொருள் நிறுவனமான புராட்பேடை (ProdPad) தொடங்கியவர்களில் ஒருவரான ஜன்னா பாஸ்டோ பரப்பிய முறை இது. எட்டு மாதம் தள்ளியிருக்கும் வேலைக்கு 14-ம் தேதி என்று எழுதுவது ஜோசியம்.

நம்மூரில் ரோடுமேப்பை அதிகம் கெடுப்பது போன்தான். தோல் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். பெரிய கஸ்டமர் ஒருவர் கூப்பிட்டு, “எனக்கு இந்த ரிப்போர்ட் வேணும்பா” என்கிறார். விற்பனைப் பையன் “பண்ணிடலாம் சார்” என்கிறான். அவன் மரியாதைக்குச் சொன்னான். அவர் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை அது பட்டியலின் முதல் வரியாக உட்கார்ந்துவிடும். இப்படி நாலு போன் வந்தால் அந்தக் காலாண்டே போச்சு. முடியாது என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல வேண்டியதில்லை. “எதுக்கு சார் இந்த ரிப்போர்ட், இதை வைத்து என்ன முடிவு எடுப்பீங்க?” என்று கேளுங்கள். பாதி நேரம், இருக்கிற ரிப்போர்ட்டிலேயே ஒரு பத்தி சேர்த்தால் தீர்ந்துவிடும். மற்ற கஸ்டமர்களில் இரண்டு மூன்று பேரிடமும் விசாரியுங்கள். அவர் ஒருவருக்கு மட்டும்தான் தேவை என்றால் தனி வேலையாக, தனிக் காசுக்குச் செய்யலாம். காசு என்றதும் பல அவசரங்கள் தானாகவே ஆறிவிடுகின்றன.

அப்புறம் இன்னும் இரண்டு தவறுகள். பக் (மென்பொருளில் வரும் பிழை) திருத்தவும் சர்வர் பராமரிக்கவும் நேரமே ஒதுக்காத ரோடுமேப்கள். அதோடு, கல்லூரியிலிருந்து கோடையில் வரும் இன்டர்னை முழு டெவலப்பராகக் கணக்கில் எடுப்பது. அவருக்குச் சொல்லித்தர ஒரு சீனியரின் நேரமும் போகும்.

உள்ளே வைத்திருக்கும் ஷீட்டை அப்படியே கஸ்டமருக்கு அனுப்ப வேண்டாம்; அவருக்குத் தேதிகள் இல்லாத தனிப் பிரதி கொடுங்கள். மாதம் ஒரு தடவை உட்கார்ந்து வரிகளை மாற்றுங்கள். ஒரு வரியை எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று கீழே குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கோரிக்கை வேறு ஆள் மூலமாக வரும், அப்போது முதலிலிருந்து பேச வேண்டியிருக்காது.