நகலில் கறுப்புக் கோடா? பிளேடைப் பாருங்கள்
ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேனர் கண்ணாடி சுத்தமாக இருந்தும் நகலில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு விழுகிறதா? உடனே டோனரை (மைத்தூளை) மாற்றாதீர்கள். நான் முதலில் டிரம் யூனிட்டை (தூளைத் தாளுக்குக் கொண்டுபோகும் உருளை உள்ள பகுதியை) கழற்றி கிளீனிங் பிளேடைத்தான் பார்ப்பேன். தாளுக்குப் போகாமல் டிரம்மில் தங்கிவிடும் தூளை வழித்தெடுப்பது இந்த பாலியூரித்தேன் பட்டைதான். விளிம்பில் காகிதத் துகள் சிக்கினால் போதும், அந்த இடத்தில் தூள் நழுவிவிடும்.

நூல் உதிராத உலர்ந்த துணியால் மெதுவாகத் துடையுங்கள். விளிம்பில் விரல் படவே கூடாது. வெட்டு விழுந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, புதிது போடுங்கள். புது விளிம்பில் சிறிது டோனரைத் தூவி, டிரம்மை அது சுழலும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். வறண்ட விளிம்போடு ஓட்டினால் பட்டை மடங்கிக்கொள்ளும். வேலை முடியும்வரை டிரம்மைக் கறுப்புத் துணியால் மூடி வையுங்கள், வெளிச்சம் அதற்கு ஆகாது.

சிந்திய தூளை வீட்டு வாக்குவம் கிளீனரால் உறிஞ்சாதீர்கள். வடிகட்டியைத் தாண்டி அறையெங்கும் பறக்கும்.