குளிர்காலமும் மனக்காயமும்: சீன மருத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குளிர் தொடங்கினால் என்னிடம் அக்குபங்சருக்கு வருபவர்களின் பேச்சு மாறும். தூக்கம் வரவில்லை, சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பழையது எல்லாம் கண்முன் வந்து நிற்கிறது என்பார்கள். அவர்களைக் கவனிக்கப் பழகும் இளையவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பாலானவை என் தொடக்க காலப் பிழைகளேதான். ஊசியைச் சுத்தமாகக் கையாள வேண்டும், வெறும் வயிற்றில் இருப்பவருக்குக் குத்தக் கூடாது போன்றவற்றைப் பாடநூலே சொல்லிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

அதிர்ச்சியைத் தோண்டி எடுப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவைக்கும் தவறு இது. மனக்காயத்தோடு ஒருவர் வந்து படுத்ததும், "என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்பது. அதோடு விடுவதில்லை. உள்ளே அடைந்து கிடப்பதை ஒரே நாளில் வெளியே கொண்டுவர வேண்டும் என்ற வேகத்தில் உடம்பெல்லாம் ஊசி, ஒவ்வொன்றிலும் பலமான தூண்டல்.

சாலை விபத்தில் உயிர் தப்பிய ஒரு பெண் வந்திருந்தார். பயிற்சியில் இருந்த ஒருவர் அவரிடம் முழுக் கதையையும் கேட்டு வாங்கினார். பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, கை கால்களில் ஊசிகளை வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டார். ஓய்வு கொடுப்பதாகத்தான் நினைத்திருக்கிறார். நொறுங்கிய வண்டிக்குள் சிக்கிக் கிடந்தவருக்கு, இருட்டில் அசையாமல் கிடப்பது எப்படி ஓய்வாகும்? சத்தம் கேட்டு நான் உள்ளே போனபோது அவர் ஊசிகளைத் தாமே பிடுங்கிப் போட்டுவிட்டு, சுவரோடு ஒட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அதன்பின் அவர் வரவில்லை. வேறு எந்தச் சிகிச்சைக்கும் போக மறுக்கிறார் என்று அவருடைய தங்கை பிற்பாடு வந்து சொன்னார். உதவி கிடைக்கும் என்று நம்பி வந்தவரின் நம்பிக்கையே போய்விட்டது. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறென்ன?

சீன மருத்துவத்தின் மூல நூலான ஹுவாங்டி நெய்ஜிங்கைப் படித்தவர் இதைச் செய்யவே கூடாது. அச்சம் சக்தியைக் கீழே இறக்கும், திடுக்கிடல் அதைக் குலைத்துப்போடும் என்கிறது அந்நூல். குளிர்காலத்தின் மூன்று மாதங்களையும் மூடிச் சேமிக்கும் காலம் என்கிறது. அந்தப் பருவத்துக்குரிய உறுப்பு சிறுநீரகம், உணர்ச்சி அச்சம். ஏற்கெனவே குலைந்து கிடப்பவரை, எல்லாம் உள்ளொடுங்க வேண்டிய பருவத்தில் பிடித்துத் திறந்துவிடுவது எந்தக் கணக்கில் சேரும்? நடந்ததைப் பேசவைத்து ஆற்றுவதற்கென்றே பயிற்சி பெற்ற உளவியல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். மனக்காயத்துக்கு முதன்மைச் சிகிச்சை அதுதான். ஊசி அதற்குத் துணை.

கதையைக் கேட்காமலேயே நிறையச் செய்யலாம். 1970களில் நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸில், லிங்கன் மருத்துவமனையில் போதையிலிருந்து மீள்பவர்களுக்காக ஒரு காது அக்குபங்சர் முறை உருவானது. அதை நடத்தும் அமைப்பின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தை (NADA) வைத்து நாடா முறை என்பார்கள். காதில் ஐந்து புள்ளிகள், அவ்வளவுதான். உடுத்திய உடையோடு, நாற்காலியில், மற்றவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கலாம். வாய் திறக்க வேண்டியதில்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கில் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கும் இதைச் செய்தார்கள்.

உடம்பில்தான் ஊசி வைக்க வேண்டும் என்றால் கணுக்காலின் உட்புறம் உள்ள கிட்னி 3, மணிக்கட்டை ஒட்டிய பெரிகார்டியம் 6, ஹார்ட் 7 போன்ற சில புள்ளிகள் போதும், தூண்டலும் மெல்லியதாக இருக்கட்டும். கதவு அவர் கண்ணில் பட வேண்டும். விளக்கு எரியட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறை தொடும் முன்பும் கேளுங்கள். எந்த நொடியிலும் "எடுத்துவிடுங்கள்" என்று சொல்லலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். அப்புறம், அறையை விட்டு வெளியே போகாதீர்கள். கேட்க வேண்டியதெல்லாம் தூக்கம், பசி, கால் சில்லிட்டிருக்கிறதா என்பவைதான்.

வியர்க்க வைத்தே தீர்ப்பது

குளிர்காலத்தில் சீக்கிரம் படுங்கள், வெயில் வந்தபின் எழுந்திருங்கள், வியர்வையாகச் சக்தியை விட்டுவிடாதீர்கள் என்கிறது நெய்ஜிங். நம் இளையவர்களோ விடியும் முன் ஓட்டம், நீராவிக் குளியல் என்று எழுதிக்கொடுக்கிறார்கள். உடற்பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எகிறும் துடிப்பும் வழியும் வியர்வையும் சிலருக்கு அச்ச வேளையையே உடம்புக்கு நினைவூட்டிவிடும். பாதுவான்ஜின் எனும் எட்டு அசைவுப் பயிற்சியை மெதுவாக, கண் திறந்தபடி, மூச்சை அடக்காமல் செய்யச் சொல்லலாம்.

மூலிகைதானே என்று கொடுப்பது

மனத்தை அமைதிப்படுத்த மரபாகச் சேர்க்கப்பட்ட பொருள்களில் ஜூஷா ஒன்று. அது சாதிலிங்கம், அதாவது பாதரசச் சேர்மம். பழைய சூத்திரத்தில் இருக்கிறது என்பதற்காக யாருக்கும் கொடுக்கக் கூடாது. பார்க்கச் சாதுவான கன்மாய் டாசாவ் கஷாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிமதுரம், கோதுமை, சீன இலந்தை என மூன்றே பொருள்கள். ஆனால் அதிமதுரத்தை அதிகமாக, நீண்ட நாள் குடித்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். மன அழுத்தத்துக்குப் பலரும் தேடும் ஷியாவ்யாவ் சான் எனும் மூலிகைக் கலவையில் டாங்குவெய் என்ற வேர் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் மூலிகைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்வது

கூடவே கூடாது. அது எழுதிக்கொடுத்த டாக்டரின் வேலை.

மரத்துப்போன பாதத்தில் மாக்சா

மாக்சா என்பது காய்ந்த மூலிகையைக் கொளுத்திப் புள்ளியில் சூடு கொடுப்பது. சூடு தெரியாத காலுக்கு நெருப்பு வேண்டாம்.

எல்லாச் சோர்வுக்கும் சிறுநீரகக் குறைவு என்பது

குளிர்காலச் சோர்வு என்றதும் நாடியைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கிட்னி புள்ளிகளுக்குப் போய்விடுகிறார்கள். ஆண்டுதோறும் அதே மாதங்களில் வந்து வசந்தத்தில் விலகும் பருவகால மனச்சோர்வு 1984இலேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டுவிட்டது. காலை வெளிச்சம் அதற்கு ஒரு சிகிச்சை. தைராய்டு குறைவும் ரத்தசோகையும்கூட இதே முகத்தோடு வரும். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

வந்தவர் வாழவே பிடிக்கவில்லை என்று சொன்னால், அன்று ஊசியை எடுக்காதீர்கள். அவரைத் தனியாக அனுப்பாமல், வீட்டாரையோ நண்பரையோ வரவழைத்து, அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அவசரச் சிகிச்சைப் பிரிவிலோ ஒப்படையுங்கள்.