உச்சந்தலையில் தெரிந்த வழுக்கையும் நான் எடுத்துக்கொண்ட சிகிச்சையும்

எனக்கு 32 வயதானபோது, முடிவெட்டும் கடைக்காரர் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டியபோதுதான், உச்சந்தலையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளியே தெரிவதைக் கவனித்தேன். அடுத்த ஓராண்டைச் சின்ன வெங்காயச் சாற்றிலும் கரிசலாங்கண்ணி எண்ணெயிலும் கழித்தேன். தலையணை உறை நாறியதுதான் கண்ட பலன்.

பிறகு நான் பார்த்த தோல் மருத்துவர், இது பரம்பரை வழுக்கை என்றும், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் முடியின் வேர்க்கால்களைச் சிறுகச் சிறுகச் சுருக்கிவிடுகிறது என்றும் விளக்கி, 5 சதவீத மினாக்ஸிடில் கரைசலைக் காலையும் இரவும் 1 மில்லி வீதம் தடவச் சொன்னார். முதலில் இரத்தக் கொதிப்புக்காக உருவான மருந்து அது. மூன்றாவது வாரத்தில் சீப்பில் முன்னைவிடக் கொத்துக் கொத்தாக முடி வந்தது. பழைய முடி உதிர்ந்துதான் புதியது முளைக்கும் என்று அவர் முன்பே சொல்லியிராவிட்டால், புட்டியை அன்றே எறிந்திருப்பேன். தலையை நன்றாக உலர்த்தி, வகிடு பிரித்து, சொட்டுக்குழாயின் நுனியைத் தோலருகே வைத்து விடத் தொடங்கிய பிறகுதான், மருந்து முடியில் வழிந்து வீணாவது நின்றது.

ஆறாம் மாதத்தில், அந்த ஹார்மோன் உருவாவதைக் குறைக்கும் ஃபினாஸ்டிரைடு 1 மில்லிகிராம் மாத்திரையும் சேர்ந்தது. பாலுணர்வு குறையலாம், மனச்சோர்வு வரலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. எனக்கு இதுவரை இரண்டும் வரவில்லை. இரண்டாண்டுகளில் உச்சி ஓரளவு மூடியது, நெற்றியோரம் ஏறிய வழுக்கை மட்டும் அப்படியே இருக்கிறது.